தள்ளுபடி யாருக்கு? பிடித்த பணம் எங்கே?

"பன்னிரண்டு இலட்சம் ரூபாய் வரை வருமான வரி கிடையாது!" 2025 பிப்ரவரி 1ஆம் நாள் நாடாளுமன்றத்தில் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் இப்படி அறிவித்தார். ஆளுங்கட்சி வரிசையில் மேசைகள் தட்டப்பட்டன. மறுநாள் ஏடுகளில் கொட்டை எழுத்து. நாடெங்கும் நடுத்தர மக்களின் வீடுகளில் மகிழ்ச்சி. நாமும் அதை வரவேற்கிறோம். வரி குறைந்தால் வருத்தப்படுகிறவன் எவனும் இல்லை.

ஆனால் அந்தக் கொட்டை எழுத்து ஒரு தவறான எண்ணத்தையும் பரப்பிவிட்டது. "நமக்குத்தான் வரியே கிடையாதே, நாம் ஏன் கணக்குக் கொடுக்க வேண்டும்?" என்று தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் பகுதிகளில் தொழிலாளத் தோழர்கள் பலர் பேசிக்கொள்வதைக் கேட்கிறோம். மாதம் இருபதாயிரம், முப்பதாயிரம் வாங்குகிறவர்கள்தாம் இப்படிப் பேசுகிறார்கள். அவர்களில் எத்தனையோ பேருடைய பணம், வரி என்ற பெயரால் மாதாமாதம் பிடிக்கப்பட்டு, டில்லிக் கஜானாவிலே கிடக்கிறது. கேட்டால் வரும்; கேட்காவிட்டால் வராது. ஆகவே இந்த விவகாரத்தைச் சற்று விளக்கமாகவே எழுதுகிறோம். கணக்கு என்றதும் தாளைப் புரட்டிவிட வேண்டாம். இது உங்கள் சட்டைப்பைக் கணக்கு.

முதலில் ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். டில்லி சர்க்கார் தந்திருப்பது வரி விலக்கு அன்று, வரித் தள்ளுபடி. கோ-ஆப்டெக்ஸ் கடையில் தீபாவளிக்குத் தள்ளுபடி தருகிறார்களே, அதைப் போன்றது. அங்கே முதலில் துணிக்கு முழு விலை போட்டுப் பில் எழுதுவார்கள். அதன் பிறகே தள்ளுபடியைக் கழிப்பார்கள். பில் போடாமல் தள்ளுபடி இல்லை. துணி வாங்காதவனுக்கும் தள்ளுபடி இல்லை. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு முழுவதும் விளங்கிவிடும்.

2025-26 நிதி ஆண்டுக்கு, புதிய வரி முறையில், முதல் 4 இலட்சம் ரூபாய்க்குத்தான் உண்மையான விலக்கு. 4 முதல் 8 இலட்சம் வரை நூற்றுக்கு 5. 8 முதல் 12 இலட்சம் வரை நூற்றுக்கு 10. ஆக, 12 இலட்சம் வருமானத்துக்கு 20,000மும் 40,000மும் சேர்ந்து 60,000 ரூபாய் வரி விழுகிறது. விழுந்த அந்த 60,000த்தை அப்படியே தள்ளுபடி செய்கிறோம் என்பதுதான் அறிவிப்பு. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 உண்டு. அதனால் சம்பளம் 12,75,000 வரை இருந்தாலும் வரி பூச்சியம்.

ஒரு தோழர் மாதம் 62,000 ரூபாய் சம்பளம் வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 7,44,000. நிலையான கழிவு போக 6,69,000. இதில் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட 2,69,000க்கு நூற்றுக்கு 5 வீதம் வரி 13,450. தள்ளுபடியால் அது பூச்சியம் ஆகிறது. வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும்! ஏனெனில் சட்டம் பார்ப்பது தள்ளுபடிக்கு முந்திய வருமானத்தை. அது 4 இலட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்வது கடமை. உரிய நாளுக்குள் செய்யாவிட்டால் தாமதக் கட்டணம் என்று 5 இலட்சம் வரை வருமானம் உள்ளவரிடம் 1,000 ரூபாயும், அதற்கு மேல் 5,000 ரூபாயும் கேட்பார்கள். வரி பூச்சியம், அபராதம் ஐயாயிரம்! இந்த விந்தைக்கு நம் தோழர்கள் இரையாகக் கூடாது.

பன்னிரண்டு இலட்சத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வருமானம் 12,10,000 ஆகிவிட்டால் 61,500 ரூபாயும் கட்ட வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். எல்லையைத் தாண்டிய 10,000 ரூபாய்க்கு மேல் வரி போகாதபடி ஒரு சலுகை இருக்கிறது. அதன்மேல் நூற்றுக்கு 4 செஸ் மட்டும் சேரும். பழைய வரி முறையில் இருப்போருக்கு இந்தப் பன்னிரண்டு இலட்சக் கதையே கிடையாது. அங்கே தள்ளுபடி 5 இலட்சம் வரைதான், 12,500 ரூபாய்தான். அலுவலகத்தில் எந்த முறை என்று எழுதிக் கொடுத்தோம் என்பதே தெரியாமல் இருப்பவர்கள் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி, நெஞ்சைச் சுடும் பகுதிக்கு வருவோம். அதுதான் பிடித்தம். டி.டி.எஸ். என்று சம்பளச் சீட்டிலே போட்டிருப்பார்கள்.

தென் சென்னைப் புறநகரில் இன்று வேலை தரும் முறை மாறிவிட்டது. மருத்துவமனையில் கருவி இயக்குகிறவர், கல்லூரியில் கணிப்பொறி பார்க்கிறவர், கம்பெனியில் வரைபடம் போடுகிறவர் எல்லோரையும் "தொழிலாளி" என்று ஏட்டில் எழுதுவதில்லை. "ஆலோசகர்" என்று எழுதுகிறார்கள். கேட்கப் பெருமையாக இருக்கிறது! மாதம் 25,000 ரூபாய் வாங்கும் ஆலோசகர்! அவருக்கு வருங்கால வைப்பு நிதி இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, போனஸ் இல்லை. சம்பளம் என்று சொல்லாமல் தொழில்முறைக் கட்டணம் என்று சொல்லி, நூற்றுக்கு 10 வீதம் பிடித்துக்கொண்டு, கையில் 22,500 கொடுக்கிறார்கள். ஆண்டு முழுவதும் பிடித்தது 30,000 ரூபாய். அவருடைய ஆண்டு வருமானமோ 3 இலட்சம். 4 இலட்சம் வரை வரியே இல்லை என்று சட்டம் சொல்லும்போது இந்த 30,000 யாருடையது? முழுக்க முழுக்க அவருடையது. ஏறத்தாழ ஒன்றேகால் மாத வருமானம்! கணக்குத் தாக்கல் செய்தால் அவருடைய வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். அது மட்டுமல்ல, ஆண்டில் 25,000 ரூபாய்க்கு மேல் பிடித்திருந்தால் கணக்குக் கொடுப்பது கட்டாயம் என்றும் விதி இருக்கிறது. சம்பளக்காரருக்கான எளிய படிவம் இவருக்குப் பொருந்தாது. தொழில் வருமானத்துக்கான படிவத்தையே நிரப்ப வேண்டும். இதையறியாமல் தவறான படிவத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்போர் உண்டு.

அந்த மனிதர் உண்மையில் ஆலோசகர்தானா, அல்லது எட்டு மணி நேரம் மேலாளரின் கட்டளைக்குக் கீழ்ப்படியும் தொழிலாளியா என்பது தனிக் கேள்வி. சங்கத் தோழர்கள் அதை விடக் கூடாது. பிடித்தத் தாளே அந்த வழக்குக்கு ஒரு சான்றாகப் பயன்படும்.

அடுத்தது வைப்பு நிதி. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிடும் பழக்கம் நம் பகுதியில் பரவியிருக்கிறது. ஐந்தாண்டுத் தொடர்ச்சியான வேலை முடியும் முன்பு 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் நூற்றுக்கு 10 பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20. எடுத்தது 80,000 என்றால் 8,000மோ 16,000மோ போய்விடும். 15ஜி என்று வழங்கிவந்த உறுதிமொழிப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவரிடம் பிடித்திருக்க மாட்டார்கள். பிடித்தாயிற்று என்றாலும் கவலையில்லை. கணக்குக் கொடுத்து வாங்கலாம். பான் எண்ணை ஆதாருடன் இணைக்காமல் விட்டுவைத்தவர்களுக்கும் பான் இல்லாதவருக்குரிய உயர்ந்த பிடித்தம்தான். இணைக்கும்வரை திரும்ப வரவேண்டிய பணமும் வராது.

சம்பள உயர்வு ஒப்பந்தம் தாமதமாகி, இரண்டு மூன்று ஆண்டுப் பாக்கியை ஒரே நாளில் வாங்குகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பாக்கிக்குப் போராடியது ஒரு போராட்டம். அதன்மேல் விழும் வரியைக் குறைப்பது இன்னொன்று. பல ஆண்டுக்கு உரிய பணம் ஓர் ஆண்டில் வந்ததால் வரி கூடினால், 89ஆவது பிரிவின்படி நிவாரணம் உண்டு. ஆனால் 10இ என்னும் படிவத்தைக் கணக்குத் தாக்கலுக்கு முன்பே கணினி வழியே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் நிவாரணத்தைக் கழித்துப் போட்டால், மறுத்து நோட்டீஸ் வரும்.

முதலாளி சம்பளத்திலே பிடித்துவிட்டு, சர்க்காருக்குக் கட்டாமல் தின்றுவிட்டால்? இதுவும் நடக்கிறது. பிடித்த வரியைத் தொழிலாளியிடம் மீண்டும் கேட்கக் கூடாது என்று 205ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கேட்டு வற்புறுத்த வேண்டாம் என்று நேரடி வரிகள் வாரியமே 2015இல் அதிகாரிகளுக்கு எழுதி, 2016இல் மறுபடியும் நினைவூட்டியது. ஆகையால் சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். வரி பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு அவையே சான்று. 26ஏஎஸ் என்னும் பேரேட்டில் உங்கள் பெயரில் எவ்வளவு வரவு வைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஆண்டுக்கு ஒருமுறையல்ல, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவும் நம் பணத்தை நாம் கேட்டுப் பெறும் வழி. இதற்கும் மேலே ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. இந்தத் தள்ளுபடி எதற்காக? மக்கள் கையில் பணம் புழங்கினால் கடைக்குப் போவார்கள், கடையில் விற்றால் ஆலை ஓடும், ஆலை ஓடினால் வேலை பெருகும். இதுதான் சொல்லப்பட்ட காரணம். அதற்காக ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி ரூபாய் நேரடி வரியை விட்டுக்கொடுப்பதாக நிதி அமைச்சரே கூறினார். நல்ல நோக்கம். ஆனால் கோ-ஆப்டெக்ஸ் கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். துணி வாங்காதவனுக்குத் தள்ளுபடி ஏது? வரியே விழாத ஏழைக்கு இந்த ஒரு இலட்சம் கோடியில் ஒரு காசும் கிடையாது. 140 கோடி மக்கள் வாழும் நாட்டில், 2024 ஜூலை 31க்குள் வந்த வருமான வரிக் கணக்குகள் 7 கோடியே 28 இலட்சம். மற்றவர்கள் கடைக்குப் போவதில்லையா? பல்லாவரத்துத் தோல் தொழிலாளி வாங்கும் சோப்பிலே வரி இல்லையா? நம் பகுதியில் ஜி.எஸ்.டி. என்றால் ஊர் நடுவே ஓடும் சாலை என்றுதான் முன்பெல்லாம் பொருள். 2017 ஜூலைக்குப் பிறகு அது சட்டைப்பைக்குள்ளும் ஓடுகிறது. அந்த வரிக்குத் தள்ளுபடிப் படிவம் எதுவும் கிடையாது.

அமெரிக்காவைப் பாருங்கள். முதலாளித்துவத்தின் தலைவாசல்! கொரோனாக் காலத்தில் அங்கே 2020 மார்ச்சில் ஆளுக்கு 1,200 டாலர், டிசம்பரில் 600, 2021 மார்ச்சில் 1,400 என்று மூன்று முறை கொடுத்தார்கள். குறிப்பிட்ட வருமான வரம்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுத் தொகை. கைக்கு வந்து சேராதவர், வருமான வரிக் கணக்கில் ஒரு வரியிலே எழுதிக் கேட்கலாம் என்றார்கள். வரியே கட்டாதவரும் கேட்கலாம். வரியைவிடத் தொகை பெரிதானால் மிச்சத்தைக் காசோலையாகத் தருவோம் என்றார்கள். நம் நாட்டுத் தள்ளுபடிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். நம்முடையது வரியைப் பூச்சியமாக்கி நின்றுவிடும். பூச்சியத்துக்குக் கீழே இறங்கிக் கையில் காசு தராது. அங்கேயும் அந்த ஒரு வரியை நிரப்பாமல் விட்டவர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். ஏறத்தாழ 10 இலட்சம் பேருக்கு, மொத்தம் 240 கோடி டாலர் அளவுக்கு, நாங்களாகவே அனுப்பிவைக்கிறோம் என்று 2024 டிசம்பரில் அந்நாட்டு வரித்துறை அறிவித்தது. கேட்காமலே கொடுத்தார்கள்!

இங்கே கொரோனாக் காலத்தில் நடந்தது என்ன? 2020 அக்டோபர் 12ஆம் நாள் டில்லி அறிவித்த திட்டம் நினைவிருக்கிறதா? விடுமுறைப் பயணச் சலுகைக்குப் பதிலாகப் பணம். கேட்க இனிமை. நிபந்தனையைப் பாருங்கள்: பயணக் கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்குச் சாமான் வாங்க வேண்டும். நூற்றுக்கு 12க்குக் குறையாமல் ஜி.எஸ்.டி. உள்ள சாமானாகவே இருக்க வேண்டும். ரொக்கம் செல்லாது. 2021 மார்ச் 31க்குள் வாங்கிப் பில் காட்ட வேண்டும். அப்படிச் செய்தால் தலைக்கு 36,000 ரூபாய் வரை வரி விலக்கு. அரிசிக்கும் பருப்புக்கும் திண்டாடிய ஆண்டிலே, குளிர்பதனப் பெட்டி வாங்கினால் சலுகை! தாம்பரத்து மத்திய சர்க்கார் ஊழியர்களிலே கூட, அதைப் பயன்படுத்தியவர் கணக்குப் பார்த்துத்தான் பயன்படுத்தியிருப்பார். தினக்கூலிக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. அதே கொரோனாவில், 2021 மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டு அரசு ஏறத்தாழ 2 கோடியே 7 இலட்சம் அரிசி அட்டைகளுக்கு இரு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தது. பில் கேட்கவில்லை, பான் கேட்கவில்லை. குடும்ப அட்டை போதுமானதாக இருந்தது. ரேஷன் கடை வாசலில் கொடுத்த அந்தப் பணம் எங்கே போனது? அடுத்த தெரு மளிகைக் கடைக்குத்தான் போனது.

கம்பெனிகளுக்குச் சலுகை தரும்போது இத்தனை படிவம் எழுந்ததா? 2019 செப்டம்பர் 20ஆம் நாள் கம்பெனி வரியை 30இலிருந்து 22 சதவீதமாகவும், புதிய உற்பத்திக் கம்பெனிக்கு 15 சதவீதமாகவும் ஒரே அவசரச் சட்டத்தால் இறக்கினார்கள். விட்டுக்கொடுத்த தொகை ஆண்டுக்கு ஒரு இலட்சத்து நாற்பத்தைந்தாயிரம் கோடி என்று அன்று சர்க்காரே சொன்னது. சம்பளக்காரன் பன்னிரண்டு இலட்சத் தள்ளுபடிக்கு அதன் பிறகு ஐந்தரை ஆண்டு காத்திருந்தான்.

தள்ளுபடியின் வரலாறே மெல்ல நகர்ந்த கட்டை வண்டிதான். 2013இல் ப. சிதம்பரம் 2,000 ரூபாயுடன் தொடங்கினார். 2016இல் 5,000 ஆயிற்று. 2017இல் 2,500ஆகக் குறைத்தார்கள்! தேர்தல் ஆண்டான 2019இல் 12,500. 2023இல், புதிய முறையில் 25,000. இப்போது 60,000. தேர்தலுக்கும் தள்ளுபடிக்கும் உள்ள உறவை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கைப்பேசியில் பங்கு வாங்கி விற்கும் பழக்கம் ஆலை வாசல் வரை வந்துவிட்டது. அதில் வரும் குறுகிய கால இலாபத்துக்கு நூற்றுக்கு 20 வரி தனி. 2025-26 முதல் இந்தத் தள்ளுபடி அதற்குப் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். சம்பளம் பன்னிரண்டு இலட்சத்துக்குள் இருந்தாலும், இலாபம் ஒரு இலட்சம் என்றால் 20,000மும் செஸ்ஸும் கட்ட வேண்டும். சட்டம் இப்படித் திருத்தப்படும் முன்பே, 2024 ஜூலை 5ஆம் நாள், கணக்குத் தாக்கல் செய்யும் கணினி மென்பொருளை மாற்றி, தள்ளுபடியைக் கேட்கவே முடியாதபடி செய்தார்கள். மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தலையிட்டு, உரிமை உண்டா இல்லையா என்பதைப் பிறகு பாருங்கள், கேட்கும் வழியை மென்பொருள் அடைக்கக் கூடாது என்றது. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். மென்பொருளைத் திருத்த ஓர் இரவு போதும். இந்தக் காலத்து ஆட்சி முறையில் நாம் கவனிக்க வேண்டிய புதிய இடம் இது.

"உங்களுக்கு ஐம்பதாயிரம் ரீஃபண்டு வாங்கித் தருகிறேன், எனக்குப் பத்து சதவீதம் போதும்" என்று வரும் தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கட்டாத வாடகை, எடுக்காத கடன், கொடுக்காத நன்கொடை என்று பொய்க் கழிவுகளை எழுதுவதுதான் அவர்கள் வித்தை. 2025 ஜூலையில் நாடெங்கும் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை போட்டது. தமிழ்நாடும் அந்தக் கணக்கில் இருந்தது. அதற்கு முந்திய நான்கு மாதத்தில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றார்கள். அரசியல் கட்சிக்கு நன்கொடை என்று எழுதுவதும் அந்தப் பொய்களில் ஒன்று என்பதைக் கட்சி ஏடாகிய நாம் வெட்கத்தோடு குறிப்பிடுகிறோம். பெயருக்குப் பதிவு செய்துவிட்டு, காசோலை வாங்கி ரொக்கமாகத் திருப்பித் தரும் கடைகளுக்குக் கட்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தரகர் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வட்டியும் அபராதமும் தொழிலாளியின் பெயரில்தான் வரும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. நிறுவனம் ஜூன் 15க்குள் 16ஆம் எண் படிவத்தைத் தந்தாக வேண்டும். தராத இடத்தில் சங்கம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். வழக்கமாகச் சம்பளக்காரருக்குக் கடைசி நாள் ஜூலை 31. அந்த நாள் தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குக் கொடுக்கலாம். ஆனால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடும். கணக்கை அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் வழியாகவோ வங்கி வழியாகவோ உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாத கணக்கு, தாக்கல் செய்யாத கணக்குத்தான். பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கையும் அந்தத் தளத்திலேயே முன்கூட்டிச் சரிபார்த்து வைக்க வேண்டும்.

1961 சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1ஆம் நாளிலிருந்து என்று இயற்றப்பட்டது. பிரிவு எண்களும் படிவ எண்களும் அதில் மாறுகின்றன. 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டமே செல்லும். அந்தப் புதிய சட்டத்தின் மசோதா 2025 பிப்ரவரியில் வந்தபோது, உரிய நாளுக்குள் கணக்குக் கொடுத்தவருக்குத்தான் பணம் திருப்பித் தரப்படும் என்று ஒரு வாசகம் அதிலே இருந்தது. அதாவது, ஒரு நாள் தாமதித்தால் பிடித்த 30,000மும் போச்சு! நாடாளுமன்றத் தேர்வுக் குழு ஜூலையில் அதை நீக்கச் சொன்னது. ஆகஸ்டில் வந்த திருத்திய மசோதாவில் அது நீக்கப்பட்டது. தாமதமாகக் கேட்டாலும் கிடைக்கும் அந்தப் பணத்தை, தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு சங்க அலுவலகமும் ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு மேசை போட்டு, கணினி தெரிந்த ஒரு தோழரை உட்கார வைத்துக் கேட்டு வாங்கித் தரட்டும். வருகிறவர்கள் பான், ஆதார், வங்கிப் புத்தகம், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுவரட்டும்.